பயனர் ஏழு

நகராட்சியின் மூன்றாம் கவுண்டரில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
சிடுசிடுக்கவில்லை.
இருமல் மிட்டாயைக் கன்னம் மாற்றி ஒதுக்கிக்கொண்டு
நிதானமாகவே கேட்டார்:
வேலை செய்ததற்கு என்ன ஆதாரம், திருமதி மெஹ்மெதோவா?

பதினான்கு மாதம்.
கெண்ட் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றில்
இரண்டு மாடி, ஒன்பது நாற்காலி,
எச்சில் துப்பும் கிண்ணம் ஒன்பது.
சம்பளம் உறையில் வரும். உறைமேல் பெயர் இருக்காது.
சீட்டு கேட்டால் அடுத்த மாதம் என்பார் ஹெய்லன்.
அடுத்த மாதம் பதினான்கு முறை வந்தது.
இப்போது என்னைத் தெரியாது என்று
கையை விரித்துவிட்டார்.

சாரத்திலிருந்து விழுந்த இடுப்போடு ரெம்ஸி,
பள்ளிக்கூடத்தில் ஃபிளெமிஷ் பேசிவிட்டு
வீட்டில் துருக்கியில் பசிக்கும் பிள்ளைகள் இரண்டு,
எல்லோரும் என் துடைப்பக் கட்டையைப் பிடித்துத்தான்
இந்த நாட்டில் நிற்கிறார்கள்.
அந்தத் தாள் இதையே வேறு வார்த்தைகளில் சொன்னது.

ட்ராம் அட்டையின் பதிவைக் கொண்டுபோனேன்.
ட்ராமில் யாரும் போகலாம்.
'நாளை சீக்கிரம் வா' என்ற குறுஞ்செய்தி.
எங்கே என்று அதில் இல்லை.
ரொட்டிக்கடை நெஸ்ரின் எழுதிய சாட்சிக் கடிதம்.
நாத்தனார் என்று குடும்பப் பெயரே காட்டிக்கொடுத்தது.
ப்ளீச் பட்டு வெளுத்த கால்சட்டையை மட்டும்
ரெம்ஸி பையிலிருந்து எடுத்துவிட்டான்.

பிறகு ஓர் இரவு, தூக்கம் பிடிக்காமல் கிடக்கையில்
விரல்கள் தாமாகப் போர்வையை அழுத்தின.
இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று.

அலாரம்.
கதவு திறந்த முப்பது நொடிக்குள் அழுத்தாவிட்டால்
தெருவே அலறும்.

இலவச வக்கீல் இரண்டு கடிதம் போட்ட பிறகு
பாதுகாப்பு நிறுவனம் அனுப்பியது இருபத்தாறு பக்கம்.
பயனர் ஏழு, 4.51.
பயனர் ஏழு, 4.49.
மகனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று 5.20.
ஈஸ்டர் திங்களன்றும் பயனர் ஏழு.
என்னைத் தெரியாது என்று சொல்ல
அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.
கால்குலேட்டரைத் தட்டினார்.
வாரத்துக்குப் பதின்மூன்றரை மணி.
இது உண்மையான வேலையா, போதுமான வேலையா
என்று சட்டத்தில் ஒரு கேள்வி இருக்கிறதாம்.
கிண்ணங்களைக் கேட்டிருக்கலாம்.

"பயனர் ஏழு நீங்கள்தான் என்பதற்கு?"

அவர் முகத்தைப் பார்த்தபடியே
கவுண்டர் பலகையில் விரலை ஓட்டினேன்,
நான்கு தட்டு, குனியாமல்.
மிட்டாய் ஒரு கணம் நின்றது.

"இதையும் எழுதிக் கையெழுத்திட்டு
வியாழன் காலை கொண்டுவாருங்கள்."

வியாழன் காலை எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

அதற்கு மட்டும்
அவர் ஆதாரம் கேட்கவில்லை.