பயன்பாடு என்ற கட்டம்

பழைய பதிவேட்டில் ஒரு வரி:
'சீவலப்பேரி, இடது கரை, மணல்திட்டு.
தோட்டத்தில் செத்துவிட்டது. திரும்ப எடுக்கவும்.'
எழுதியவர் யாரென்று தெரியாது.
'திரும்ப' என்பதன் கீழே மட்டும்
பேனா இரண்டு முறை ஓடியிருக்கிறது.

திட்டைக் காணோம்.
லாரித் தடம், ஆளுயரக் குழி,
குழிக்குள் பச்சைத் தண்ணீர்,
தண்ணீரில் ஒற்றைச் செருப்பு.
"இடம் இதானா மேடம், நல்லாப் பாருங்க" என்றார்
ஜீப்பை நிறுத்திய மைதீன் பிச்சை.
இதுதான் என்றது கைபேசி,
நாலு மீட்டர் முன்னே பின்னே.

பாலம் சுற்றி அக்கரைக்குப் போனோம்.
புரட்டாசி வெயில். சிற்றாறு வந்து விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே
வாத்துப்பட்டிக்குப் பின்னால் நின்றது அது,
வெள்ளைப் பூங்கதிர்,
விரல் பருமன் கழி.
தோகை முழங்கையில் கிழித்த கோட்டில்
ரத்தம் வரலாமா என்று யோசித்து வந்தது.

ஒடித்துப் பிழிந்து
மானியில் ஒரு சொட்டு வைத்தேன்: நாலரை.
ஆலைக்குப் போவது பதினெட்டு, இருபது காட்டும்.
மைதீன் பிச்சையும் ஒரு கணு கடித்துத் துப்பினார்.
"நாலரைக்கா கோயம்புத்தூர்ல இருந்து வந்தோம்?
கரும்பு தின்னக் கூலியாம்பாங்க.
இதுக்குக் கேக்கலாம் மேடம்."

சொல்லத் தொடங்கினேன்.
செவ்வழுகல் இறங்கினால்
நட்ட கரும்பு உள்ளே சிவந்து
பிளந்தால் சாராய வாடை அடிக்கும்.
இது அதற்கெல்லாம் அசராது.
சீனி அந்த வீட்டுச் சீதனம் என்றால்
எலும்பு இந்த வீட்டிலிருந்து போக வேண்டும்.
கலந்து, கழித்து, மறுபடி கலந்து,
ஒரு ரகம் வயலுக்கு வர
நான் ஓய்வு பெற்றிருப்பேன்.
அவர் டயரில் ஏறிய முள்ளைப்
பிடுங்கிக்கொண்டிருந்தார்.

படிவத்தில் ஏழாவது: உள்ளூர்ப் பெயர்.
வாத்துக்காரி பேச்சித்தாய் சொன்னாள்,
"நாணலும்போம். பேய்க்கரும்புன்னும் சொல்லுவாவ."
எட்டாவது: பயன்பாடு.
"என்னத்துக்கு ஆவும்?
எளசா இருந்தாத்தான் மாடே வாய வைக்கும்."
கம்பை ஊன்றி நின்றாள். கூட்டத்தை விட்டு விலகிய ரெண்டு வாத்தை வைது திருப்பினாள். பிறகு,
"வெள்ளத்துல போற பொணம் இதுலதான் தட்டி நிக்கும்.
உசிரோட போறதும்.
அந்த மார்கழி வெள்ளத்துல எங்க கொழுந்தன்
இதப் பிடிச்சிக்கிட்டு விடிய விடிய நின்னான்.
கையெல்லாம் அறுத்துப்போட்டு.
ஆனா வேர் வரல்ல."

அந்தக் கட்டம் ரெண்டு விரல் அகலம்.
எல்லாப் படிவத்திலும் எழுதுவது போலக்
'கூரை, தீவனம்' என்று எழுதி, அடித்து,
வேர் வரவில்லை என்று எழுதினேன்.

முக்கணுத் துண்டுகள் பன்னிரண்டு.
ஈரச் சாக்கு, அலுமினியச் சீட்டு.
வண்ணார்பேட்டை சிக்னலில்
சாக்கிலிருந்து ஆறு சொட்டியது.

தொட்டியில் வேர் விட்ட பிறகு
காலை பத்து மணிக்கு நுனியை நறுக்கி
சாயமேற்றிக் கண்ணாடியில் நசுக்கிப் பார்த்தேன்.
சிந்திய எள் மாதிரிக் கிடந்தன குரோமோசோம்கள்.
எண்ணினேன், அறுபத்து மூன்று.
டீ குடித்துவிட்டு எண்ணினேன், அறுபத்து நான்கு.
ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்திருக்கிறது.

செத்துப்போனது இதுதானா?
பழைய வரியில் எண்ணிக்கை இல்லை.
'திரும்ப' என்று எழுதக் கை வரவில்லை,
புது எண் கொடுத்தேன்.

போன வாரம் படிவம் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது.
எட்டாவது கட்டத்தைச் சிவப்பில் சுழித்து
ஓரத்தில் ஒரு கேள்வி:
'வேர் வரவில்லையெனில் மாதிரி இறந்ததா?
பட்டியலிலிருந்து நீக்கலாமா?'

பதில் எழுதுமுன் கொட்டகைக்குப் போனேன்.
தூரோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன்.
தொட்டி எழுந்து வந்தது.