நாலு மீட்டர் பிழை

வாரத்தில் ஆறு நாள்
பேர் எழுதிய பெட்டிகளைச் சுமக்கிறேன்
குலசேகரம், திற்பரப்பு, களியல், கோதையாறு.
குருசடி தாண்டி இடப்பக்கம்
அயனிமரம் நிக்குற வளவு
நாய் கொரைக்கும், கடிக்காது
என்று வழி சொல்வார்கள்.
கதவு திறந்ததும் ஓடிபி கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை
யார் பேருக்கும் வராத ஒரு டப்பாவைத்
தேடிப் போகிறேன்.
எட்டுப் பாகை, சில கலை,
கூடவே ஒரு விடுகதை:
ஆயிரம் பேர் அழுகிறார்கள்
ஒருத்தன் சும்மா நிற்கிறான்.

ரப்பர் தோட்டம் என்று தெரிந்துவிட்டது.
எந்த மரம் என்றுதான் தெரியவில்லை.
இலைக்கூரைக்குக் கீழே
செல்போன் அம்புக்குறி பேய்பிடித்துச் சுற்றியது.
நாலு மீட்டர் என்றது
நாலடி வைத்தால் பதினொன்று என்றது.
தலைச்சுமட்டுடன் ஒருவர் கடந்து போனார்.
ஆள் வந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது,
அது வழக்கம்.
போனைக் காதில் வைத்து, யாரும் இல்லாத மறுமுனையிடம்
ஆமா ஆமா பார்சல் வந்தாச்சு என்றேன்.

பிறகு மழை.
அட்டைகள் கணுக்காலில் ஏறத்தொடங்க
பைக்குக்கு ஓடி
செயலியில் அமுக்கினேன்:
'கிடைத்தது.'

விரல் கூசவில்லை. பழகிய விரல்.
போன ஆனியில், இதே மாதிரி மழையில்,
கோதையாறு ஏற்றத்துக்குப் பாதியிலேயே வண்டியைத் திருப்பி
'வீடு பூட்டியிருந்தது' என்று அமுக்கிய விரல்.
சர்க்கரை பார்க்கும் பட்டைகள் அந்தப் பெட்டியில்.
மறுநாள் கொண்டுபோனபோது பார்த்தேன்,
அந்தக் கதவில்
பூட்டு மாட்ட ஒரு கொண்டிகூட இல்லை.
அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை.
நனைந்திருக்கியே என்றாள்.

டப்பாவை வைத்தவர்
கருங்கல்லில் பல் டாக்டர், பிறின்சி றோஸ்.
மூன்றாம் நாள் எழுதினார்:
'தாளில் உங்க பேரைக் காணலியே,
மழையில மை அழிஞ்சிருக்குமோ?'

எவ்வளவு அகலமாகத் திறந்துவைத்த வாசல்!
ஆமாம் என்று ஒரு சொல் போதும், வெளியே போய்விடலாம்.
ஒரு சாயா குடித்து முடிக்கும்வரை
அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் அழித்துவிட்டு எழுதினேன்:
'தேடினேன். கிடைக்கவில்லை.'

'நல்லது' என்று பதில் வந்தது.
'இப்படி ரெண்டுபேர் எழுதினாத்தான்
டப்பா இருக்கா போச்சான்னு
நான் வந்து பாக்க முடியும்.'

செவ்வாய் விடியலில், வேலைக்கு முன்பு, திரும்பப் போனேன்.
போனை அணைத்துப் பையில் போட்டேன்.
வரிவரியாய் வெட்டுக்காயங்கள், வெள்ளைக் கண்ணீர்,
மரத்துக்கொரு சிரட்டை.
ஒன்றில் மட்டும் பட்டை முழுசாய் இருந்தது.
கத்தி படாத மரத்துக்கு
எதற்குச் சிரட்டை?

அதற்கும் மற்ற மரங்களைப் போலவே
மழைப் பாவாடை கட்டியிருந்தது.
டப்பாவில்
ஒரு குவைத் நாணயம், ஒரு கோலிக்குண்டு,
டார்ச்சை எடுத்த மகராசன்
பதிலுக்கு வைத்துப்போன பஸ் டிக்கெட்.
தாளில் ஏழு பேர்கள். கடைசியாகப் பென்சிலில்:

'பால் வெட்ட வந்தேன்.
வெட்டாத மரத்துல சிரட்டை கண்டு பாத்தேன்.
என்னான்னு தெரியல. ஒண்ணும் எடுக்கல.
மழைக்கு பிளாஸ்டிக் கெட்டியிருக்கு.
தங்கநேசம்.'

இந்த ஆட்டத்தின் ஒரு விதியும் தெரியாத கையெழுத்து.
அதற்குக் கீழே என் பேரை எழுதினேன், சின்னதாக.
நாணயத்தைத் தொட்டுப்பார்த்து வைத்துவிட்டேன்.
பென்சில் மழுங்கியிருந்ததால்
மகளுக்கு வாங்கிய சீவியை உள்ளே போட்டேன்.
மூடியை இரண்டுமுறை அழுத்தி
சிரட்டையை அதே சாய்வில் மாட்டி
காலடியில் கிடந்த பாக்கு உறைகளைப் பொறுக்கிக்கொண்டு நிமிர,

எதிரே பால்வாளியோடு ஒரு பெண்.
நெற்றியில் அணைக்க மறந்த விளக்கு.
'என்னவாவது காணாம போச்சா?'

போனைத் தேடிக் கை பைக்குள் போனது.
வெறுங்கையாய் வெளியே வந்தது.

'இல்லக்கா. இருந்த எடத்துலயே இருக்கு.'

'பிளாஸ்டிக் கிழிஞ்சிருக்கா?'

'இல்ல.'

சரி என்று
அடுத்த மரத்துக்கு நடந்தாள்.