நின்னுபோச்சு

பாயா தெருபோங், பதினான்காம் மாடி.
விடியற்காலை மூன்று பத்துக்கு
அடுப்படிக் குழாய் விசிலடிக்கிறது.
திறந்த குழாயல்ல, இறுக மூடியது.
ரயிலே வராத மலையடிவாரத்தில்
யாரோ கொடியசைத்து வழியனுப்புவதுபோல
நீளமாய் ஒன்று
குட்டையாய் ஒன்று
பிறகு ஒரு விக்கல்.

பாயான் லெப்பாஸில் மாலை ஷிப்டு முடித்து
பன்னிரண்டுக்குச் சோறு, ஒன்றுக்குப் படுக்கை.
இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு
எத்தனை நாள்தான்
மேலாளரைப் பார்த்துச் சிரிப்பது?

மாமாக் கடையில் கேட்டேன்.
'குழாய் என்ன பிராண்டு?' என்றார் வேணுகோபால்.
தெரியாது.
'அது தெரியாம எப்படிச் சொல்றது?'
சொல்லிவிட்டு
தன் காரில் ஏசி கெட்ட கதையை
அரை மணி நேரம் சொன்னார்.

காற்றடைப்பு என்றார் நாகரத்தினம்.
தண்ணீர் அழுத்தம் என்றார் அவர் மைத்துனர்.
காற்றும் தண்ணீரும் மோதிக்கொண்டதில்
இந்த பிளாட்டை எந்த வருஷம் கட்டினார்கள் என்றாகி
யாருக்கு யார் சிபாரிசில் வீடு கிடைத்தது என்றாகி
ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.
என் தே தாரிக்
ஆடை கட்டிவிட்டது.

'போன மாசமே ஒரு பொண்ணு
இதையே வந்து கேட்டுச்சே.'
'என்ன சொன்னீங்க?'
'இதையேதான் சொன்னோம்.'

இரும்புக் கடை ஹுவாட்டிடம்
அந்தச் சாமானின் பெயர் எனக்குத் தெரியவில்லை.
மலாயிலும் தெரியவில்லை, தமிழிலும்.
உதட்டைக் குவித்து
விசிலடித்துக் காட்டினேன்.
கல்லாவுக்குப் பின்னால் குனிந்து தேடி
ஒரு பிளாஸ்டிக் விசிலை எடுத்து வைத்தார்.
இரண்டு வெள்ளி.
பெயர் தெரிந்தவருக்குத்தான் கிடைக்குமாம்.
பெயர் தெரிந்திருந்தால்
நான் ஏன் வெயிலில் இவ்வளவு தூரம் நடக்கிறேன்?

போன மாதம் கேட்டவள்
பன்னிரண்டாம் மாடி மங்களேஸ்வரி.
ஜொகூருக்குக் குடிபோய்விட்டாள்.
நான்கு பேரைக் கேட்டு நம்பர் வாங்கி
நடுங்கும் விரலால் அழைத்தேன்.

'நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு,
அப்புறம் விக்கலா?'
நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.
தொண்டை அடைத்தது எனக்கு.
அந்த மூன்று பத்தில்
இன்னொருத்தியும் விழித்திருந்திருக்கிறாள்!
'ஆமாக்கா, ஆமா! என்ன செஞ்சீங்க?'
'அதுவா, நின்னுபோச்சும்மா.'
'எப்படி?'
'நின்னுபோச்சு. நீ பசியாறிட்டியா?'

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
கழுவு தொட்டிக்கு அடியில் கரப்பான்பூச்சியைத் துரத்தும்போது
என் முழங்கை எதிலோ இடித்தது.
ஒரு சின்னத் திருகு,
கால் சுற்று திரும்பியிருக்கலாம்.
அதே நாள்தான் மேல்வீட்டில் யாரோ
குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
அன்று இரவு அமைதி.
மூன்று பத்துக்குத் தானாய் விழித்து
வராத சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன்.
குனிந்து பார்க்கவில்லை.
எதைத் தொட்டேன் என்று
சத்தியமாய் இன்றுவரை தெரியாது.

நேற்று லிஃப்டில்
கண்ணடி கறுத்த ஒரு பையன்.
ஒன்பதாம் மாடியாம்.
'அக்கா, உங்க வீட்டுக் குழாய்ல
ராத்திரி விசில் மாதிரி…'

'நின்னுபோச்சு தம்பி' என்றேன்.

என் மாடி வந்துவிட்டது.
கதவு மூடும்போது அவன் வாய் திறந்தது.
'எப்' என்பது மட்டும் காதில் விழுந்தது,
மீதியை ஏற்றிக்கொண்டு
லிஃப்ட் இறங்கியது.