ஆந்தை துப்பியவை

வியாழன்தோறும் மூன்றாவது பாட மணிக்குப் பிறகு
சவரிமுத்துவின் ஹோண்டா வந்து நிற்கும்
ஆய்வகத்தின் பின்வாசலில்.
கைப்பிடியில் தொங்கும் ஒரு மைலோ டின்.
மூடியைத் திறந்தால் ஈரச் சாம்பல் வாசம்.

செம்பனைக் காட்டில் கழிமேல் நிற்கும் பெட்டிகளில்
குடியிருக்கும் ஆந்தைகள்
இரவெல்லாம் எலி தின்று
விடியலில் துப்பிய உருண்டைகள்.
கட்டைவிரல் பருமன். கறுப்பு. மேலே ஒரு மினுக்கம்.
தோட்டத்துக்கு எண்ணிக்கை போதும்.
எலும்பு எனக்கு.

வெந்நீரில் ஊறினால் மயிர் அவிழும்.
இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்
கறுப்புத் தாளில் பரப்புவேன்.
ஆரஞ்சுப் பல்லோடு மண்டை.
அரிசிக் குருணையாய் முதுகுத் துண்டுகள்.
ஊத்தான் மெலிந்தாங் இடைநிலைப் பள்ளியில்
பதினேழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு:
குடுவை கழுவுவது, சாவி சுமப்பது,
செத்ததைச் சுத்தம் செய்து
பெயர் ஒட்டுவது.

அன்று அவர் போகவில்லை. மழை.
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
எலியின் முன்னங்காலைக் காட்டினேன்.
தோளிலிருந்து ஒன்று.
முழங்கைக்குக் கீழே இரண்டு.
மணிக்கட்டில் கொஞ்சம் பொடிக்கல்.
அப்புறம் கிளை கிளையாய் விரல்.

மின்கம்பியில் கருகிய பழந்தின்னி வௌவால் அடுத்த தட்டில்:
அதே ஒன்று, அதே இரண்டு, அதே பொடிக்கல்,
விரல்கள் மட்டும் குடைக்கம்பியாய் நீண்டுபோனவை.
சாலையில் அடிபட்ட மூசாங்:
அதே.
"எல்லாத்துக்கும் ஒரே தையல்காரனா?" என்றார்.
தையல்காரன் இல்லை அண்ணே,
ஒரே பழந்துணி.
பிரித்துப் பிரித்துத் தன்னைத் தானே தைத்துக்கொண்டது.

பெட்டியிலிருந்து விழுந்து செத்த ஆந்தையின் சிறகும் இருந்தது.
அதில் விரல் மூன்றுதான்,
ஒன்றோடொன்று ஒட்டிப்போய்.
அவர் இடது கையை அதன் பக்கத்தில் வைத்தார்.
தொண்ணூற்றெட்டில் அரிவாள்
இரண்டு விரலை எடுத்துக்கொண்ட கை.
எண்ணிப் பார்த்தார்.
"அப்ப நான் ஆந்தை ஜாதி."

சிரித்தோம்.
ஆனால் இல்லை.
இழந்து ஒத்துப்போவது வேறு,
பிறந்து ஒத்துப்போவது வேறு.
உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள்,
தோலுக்கடியில் உங்கள் கை இன்னும் ஐந்து வரை எண்ணும்.
தடவினார். வெகுநேரம்.
"இருக்கு" என்றார்.

"இத பதிவிலாகாவுல வந்து சொல்லுவியா?"

லயத்தில் பிறந்தவர்.
பிரசவம் பார்த்தவள் செத்துப்போனாள்.
தோட்ட ஆபீஸ் புத்தகத்தை வெள்ளம் கொண்டுபோனது.
ஐம்பத்தெட்டு வயதில் இன்னும் சிவப்பு ஐசி.
நான்கு மனு.
ஒவ்வொன்றிலும் அதே கட்டம்:
ஆதாரம் இணைக்கவும்.

கட்டம் எனக்கும் தெரியும்.
என் அலமாரியில் ஐந்து தட்டு:
மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி.
தச்சன் அடித்த தட்டுகள்.
பெர்ணம் ஆற்றில் வலையில் சிக்கிய முதலை மண்டை
உடும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது,
சீட்டு அப்படிச் சொல்வதால்.
முதலையின் இதயத்தில் நான்கு அறை,
சந்தைக் கோழிக்கு இருப்பதுபோல.
அது மட்டும் சாட்சியில்லை
(நமக்கும் நான்குதான், அது தனிக்கதை).
தாடை, கணுக்கால், முட்டைக்குக் காவலிருக்கும் வழக்கம்
எல்லாம் சேர்ந்து சொல்கின்றன:
முதலைக்குப் பங்காளி கோழி.
உடும்பு தூரத்துச் சொந்தம்,
செதிலால் மட்டும் பக்கத்து வீடு.

"முதலையும் கோழியுமா? போம்மா."

மழை விட்டது.
டின்னைக் கவிழ்த்துத் தட்டினார்.
நான் எலிக்கையின் சீட்டை நிரப்பினேன்.
இனம். இடம். தேதி.
சேகரித்தவர்: சவரிமுத்து, மூன்றாம் டிவிசன்.
எண் கேட்கும் கட்டம் அதில் இல்லை.

வாசித்தார்.
"முன்னால ஒரு ஆ போடு. ஆரோக்கியம். எங்கப்பா."

இடமில்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்,
புள்ளியோடு.