காதுக்கல்

பத்து மாவுங் இறங்குதுறையில்
நான்கரை மணிக்கே என் நாற்காலி நனைந்திருக்கும்.
தராசு, காப்பி ஓ, மீன்தண்ணீர் தெறித்து
ஓரம் சுருண்ட பேரேடு.
நான் மீன் பிடிப்பதில்லை. எடை எழுதுகிறேன்.
விலைக்கு ஹொக்கியன், வசைக்கு மலாய்,
வாய்க்குள் கூட்டிக் கழிக்கத் தமிழ்.

சுருக்குவலைப் படகுகள்
இரண்டாம் பாலத்தின் விளக்குகள் அணையுமுன் வந்துவிடும்.
பௌர்ணமிக்கு மட்டும் போவதில்லை:
வானத்திலேயே விளக்கு இருக்கும்போது
படகு விளக்கை எந்த மீன் மதிக்கும்?
மற்ற நாளெல்லாம் கூடை கூடையாய்க் கெம்போங்.
செத்த பிறகும் கொஞ்ச நேரம் முதுகில் பச்சை நிற்கும்.
அது போவதற்குள் விற்றால் தௌக்கேக்கு,
போனபின் பூனைக்கு.

மீன்வளத் துறையிலிருந்து வந்தவள் பெயர் ரோஸ்லிண்டா.
முழங்கால்வரை ரப்பர் காலணி, கையில் இடுக்கி.
ஒரு கெம்போங்கின் தலையைப் பிளந்து
அரிசிக் குறுணைபோல் எதையோ எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
காதுக்கல், என்றாள்.
நாளுக்கு ஒரு வட்டம்.
இதுவும் கணக்குதான், அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது.
காது எங்கே என்றே தெரியாத ஜீவனுக்கு
உள்ளே ஒரு பேரேடு.
முன்பணம் இல்லை, பற்று இல்லை,
அடித்தல் திருத்தல் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கைப்பேசியில் படம் காட்டினாள்.
குறுக்கே அரிந்த சின்ன வெங்காயம்.
நூற்று ஐம்பத்தாறு வட்டம்.
செப்டம்பர் ஒன்பதில் பிடித்த மீன்.
கைமுட்டியின் மேடு பள்ளம் தொட்டுத் தொட்டு
மாதங்களைப் பின்னோக்கி எண்ணினேன்.
ஏப்ரல் ஆறு.

பேரேட்டைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.
செங் பெங்குக்குக் கல்லறை கழுவப் போன தௌக்கே
வெயிலில் கறுத்துத் திரும்பிய வாரம்.
கெண்டித் தீவுக்குத் தெற்கே வலை சுருக்கும்போது
கயிறு காலில் சுற்றி
சோ மின் ஊவை இழுத்துக்கொண்டு போனது.
பர்மாக்காரன். எடை எழுதும்போது
என் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்பான்.
இரண்டு மணி நேரம் தேடினார்கள்.
பிறகு ஐஸ் கரைகிறதே என்று திரும்பினார்கள்.
அன்று ஆயிரத்து நூற்று எண்பது கிலோ.
என் கையெழுத்துதான்.

அவன் பற்றில் நாற்பது வெள்ளி.
கோடு போட்டு அடித்துவிடு, என்றார் தௌக்கே.
மெதுவாகத்தான் சொன்னார். கெட்டவரில்லை.
நான் அடிக்கவில்லை.
மாதம் பிறந்தால் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிறேன்:
சோ மின் ஊ, நாற்பது.
சோ மின் ஊ, நாற்பது.
அடித்துவிட்டால் இந்தத் தீவில்
அவன் பெயர் வேறெங்கும் எழுதியிருக்காது.

அந்த இரவில்தான், அதே தண்ணீரில்,
கடுகைவிடச் சின்னதாய் ஒரு முட்டை உடைந்திருக்கிறது.

அன்றைய வட்டம் எது, காட்டு, என்றேன்.
படத்தை விரல்களால் விரித்து
நடுப்புள்ளியை ஒட்டிய முதல் கோட்டைக் காட்டினாள்.
கறுப்பாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா,
ஏதாவது முடிச்சு?
அவளுக்குப் புரியவில்லை.
இல்லையே அக்கா, எல்லா நாளையும்போலத்தான்.
பாருங்கள், வட்டமெல்லாம் எவ்வளவு சீராக இருக்கிறது.
அதற்கு நல்ல தீனி கிடைத்திருக்கிறது.

தராசில் அடுத்த கூடையை ஏற்றிவிட்டார்கள்.
கெம்போங் என்று எழுதி, எடைக்குக் காத்திருந்தேன்.
தண்ணீர் வடிந்துகொண்டே இருந்ததில்
முள் ஓரிடத்தில் நிற்கவில்லை.