கடைசி வண்டிக் கிளை

ஆடி மழை ஓயும்வரை
வட்டவளை வளைவில் ஒற்றைப் பாதைதான்.
சாரதிமாரே, அரைமணி நிற்க வேண்டிவரும்.
எஞ்சினை அணையுங்கள்;
ஹோர்ன் அடித்தால் மண்மேடு விலகாது.

வோக்கிடோக்கி நனைந்து செத்த நாளிலிருந்து
கடைசி வண்டியிடம் ஒரு சவுக்குக் கிளை
கொடுத்தனுப்புகிறேன்.
அந்த முனையில் பவளராணி அதை வாங்கினால்தான்
அவள் பக்கம் பச்சை.

நேற்று ஒரு கரட் லொறிக்காரன்
கிளையோடு கினிகத்தேனைக்கே போய்விட்டான்.
இரண்டு முனையிலும் சிவப்பு.
நடுவில் வெறும் ரோடு,
பனிமூட்டம் மட்டும் வரிசை மீறிப் போனது.

சப்பாத்தில் சேறு கனக்க நடந்தேன்.
பாதி வழியில் எதிரே பவளராணி,
கையில் தேயிலைக் கொப்பு.
"அவசரத்துக்கு இதான் ஒடிச்சேன்,
கணக்கப்புள்ள கண்டா அரைப்பேருதான்"
என்று சிரித்தாள்.

இரண்டு பக்கமும்
ஹோர்ன்.