கழித்தல் 999

மார்சபிட் அலுவலகத்தில் மின்சாரம் வருவதற்குள்
திராமு பழைய பேரேடுகளைத் தரையில் பரப்பிவிட்டாள்.
ஏல் தூக்கா நிலையம். நாற்பத்தொரு ஆண்டுகள்.
கரையான் விட்டுவைத்த மில்லிமீட்டர்கள்.

கன்னா மழைக்கு ஒரு நிரல், ஹகய்யாவுக்கு ஒன்று.
கணினி விலகலைச் சொல்லும்:
கழித்தல் ஒன்று என்றால் வறட்சி,
கழித்தல் இரண்டு என்றால் கடும் வறட்சி.
கழித்தல் இரண்டுக்கு எத்தனை மாடு என்று
அவள் கேட்பதில்லை. கேட்டால் வேலை ஓடாது.

எண்பத்துநாலில் மட்டும் கோடு
லேசாக மேலே எழுந்து நிற்கிறது.
ஊரே தோலை வேகவைத்துத் தின்ற வருடம்
படத்தில் சுமாரான வருடம்.

ஏட்டைப் புரட்டினாள்.
ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வெற்றுக் கட்டங்கள்.
நைரோபியில் யாரோ பக்கத்து நிலையத்தின் சராசரியால்
அவற்றை நிரப்பியிருக்கிறார்கள்.
பக்கத்து நிலையம் மலைமேல்.
அங்கே மூடுபனி சொட்டியே குடுவை நனையும்.

அக்டோபரில் மறுபடி எழுத்து, வேறு கை.
ஐந்து. ஐந்து. பத்து. ஐந்து.
எந்த மழையும் இப்படி விரல்விட்டு எண்ணிப் பெய்யாது.

அளப்பவர் ஹலாக்கேயின் மனைவி தார்மி
இப்போது பேருந்து நிற்குமிடத்தில்
கைபேசி அட்டை விற்கிறாள்.
தொலைபேசியில் சிரித்தாள்:

"அவர் மாடுகளோடு எல்லை தாண்டிப் போயிருந்தார்.
எழுதாத தாளுக்குச் சம்பளம் இல்லை என்று
ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.
அப்புறம் நான் எழுதினேன்."

சுழியம் எழுதியிருக்கலாமே?

"எழுதியிருக்கலாம். கை வரவில்லை.
தினம் காலையில் அந்தக் குடுவையைப் பார்த்தவள் நான்.
ஐந்து என்று எழுதிய அன்று
கொஞ்சம் தூங்கினேன்."

மழை பொய்த்த இடத்தில் ஏடும் பொய்த்திருக்கிறது.
இரண்டில் எதைத் திருத்துவது?

மலையின் ஈரத்தை நீக்கினாள். தார்மியின் ஐந்துகளையும்
ஒவ்வொன்றாக.
காலிக் கட்டத்தைக் கணினி ஏற்காது,
தரவு இல்லையென்றால் கழித்தல் 999 என்று இடச் சொல்கிறது.
இட்டாள்.
எந்தப் பஞ்சமும் எட்டாத ஆழம் அந்த எண்.
ஆனால் கணக்கில் சேராது.

சிவப்புக் கோடு மார்ச்சில் அறுந்து
அடுத்த சனவரியில் ஒன்றுமே நடக்காததுபோல்
தொடர்ந்தது.
இடைவெளி ஏன் என்று மேலதிகாரி கேட்பார்.
குறிப்பு நிரலில் தட்டச்சு செய்தாள்:
அளப்பவர் தண்ணீர் தேடிப் போயிருந்தார்.

பிறகு எண்பத்தைந்தைத் திறந்தாள்.